கைப்பம்புத் தண்ணீரில் ஆர்செனிக்: கொதிக்க வைத்தால் போகுமா?

டெல்டா_மலர்
வணக்கம். மியான்மரில் ஐராவதி டெல்டாவில், மௌபின் ஊர்ப் பக்கம் கிராமம். வீட்டுக் கைப்பம்பு 120 அடி ஆழம். இறைக்கும்போது தண்ணீர் தெளிவாக இருக்கிறது, குடத்தில் ராத்திரி வைத்தால் செங்காவி படிகிறது. வீட்டில் நாலு மாதக் குழந்தைக்குப் புட்டிப்பால், கொதிக்க வைத்துத்தான் கலக்கிறோம். அது போதுமா?

கிணற்றடி
போதாதுங்க. ஆர்செனிக் தண்ணீரில் கரைந்திருக்கும் நச்சு, கிருமி இல்லை, கொதியில் சாவதற்கு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். 2 லிட்டரை 1 லிட்டராகச் சுண்ட விட்டால் அதன் செறிவு இரட்டிப்பாகும். பீங்கான் கேண்டில் ஃபில்டர், துணி வடிகட்டு எதிலும் நிற்காது. குழந்தைக்கு இன்றைக்கே தண்ணீரை மாற்றுங்கள்: கொதித்து ஆறிய மழைத்தண்ணீர் போதும். தாய்ப்பால் சுரக்குமானால் இன்னும் நல்லது, தாய்ப்பாலில் ஆர்செனிக் மிகக் கொஞ்சமாகத்தான் இறங்கும்.

செங்காவி இரும்பு. ஆறு கொண்டுவந்த வண்டலில் மக்கும் இலைதழை, அடியில் பிராணவாயுவைத் தீர்த்துவிடுகிறது. அப்போது இரும்புத்துரு கரைந்து, அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் விடுபடுகிறது. அதனால் செங்காவி கண்டால் சந்தேகப்பட வேண்டியதுதான். ஆனால் காவி படியாத கிணறு சுத்தம் என்றும் சொல்ல முடியாது. நிறமோ ருசியோ காட்டிக்கொடுக்காது. பக்கத்து வீட்டுக் கிணறு தேறினாலும் உங்களுடையதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

சோதனைக்குழாய்
ஆர்செனிக்கை வீட்டிலேயே சோதிக்கும் கிட் வாங்கினால்: குழாயில் நின்ற பழைய தண்ணீர் போகும்வரை நன்றாக இறைத்துவிட்டு மாதிரி பிடியுங்கள். அமிலப் பொடி, பிறகு துத்தநாகப் பொடி போட்டதும் மூடியை உடனே இறுக்க வேண்டும். மூடியில் செருகிய காகிதப் பட்டையில் ஒரு சொட்டு நீர் தெறித்தாலும் முடிவு செல்லாது. கிட்டில் போட்ட நேரம் முழுக்கக் காத்திருங்கள், பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடம். பட்டையை எடுத்ததும் நிழலில் வைத்து வண்ண அட்டையோடு ஒப்பிடுங்கள். வெயில் பட்டால் நிறம் மாறும். வெளிவருவது ஆர்சைன், நச்சு வாயு. திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள்.

உலகச் சுகாதார நிறுவன வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். 50ஐத் தாண்டினால் பம்பில் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடுங்கள், வருகிறவர்களும் குடிக்காமல் இருப்பார்கள்.

டெல்டா_மலர்
நன்றி. அஞ்சு பேருக்கு மழைத்தண்ணீர் எவ்வளவு சேர்க்க வேண்டும்? குளிக்கவும் கூடாதா?

கிணற்றடி
குளிக்க, துவைக்கக் கவலை வேண்டாம், தோல் வழியாக ஏறுவது அற்பம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் வையுங்கள். மழையில்லாத நவம்பர் முதல் ஏப்ரல் வரை சுமார் 180 நாள், அஞ்சு பேருக்கு 4,500 லிட்டர். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டுப் பிடியுங்கள், தொட்டிக்குக் கொசுவலை கட்டுங்கள். சோற்றையும் அந்தத் தண்ணீரிலேயே வடியுங்கள். கிணற்றுத் தண்ணீரில் பொங்கினால் அரிசி ஆர்செனிக்கை உறிஞ்சிக்கொள்ளும்.

இரும்பு நிறைய இருந்தால், ராத்திரி தெளிய வைத்து மணலில் வடித்தால் ஆர்செனிக் ஓரளவு காவியோடு போகும். எவ்வளவு என்பது கிணற்றுக்குக் கிணறு வேறு. வடித்த நீரையும் கிட்டில் பார்க்காமல் நம்பாதீர்கள்.

சோதனைக்குழாய்
பெரியவர்களுக்கு நெஞ்சிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தது போல் புள்ளிகள், உள்ளங்கை உள்ளங்காலில் சொரசொரப்பான தடிப்பு இருக்கிறதா பாருங்கள். பல வருஷம் குடித்த பிறகே இவை தெரியும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை புற்றுக்கும் அதுவே வழி. பரிசோதனைக்குச் சிறுநீர்தான் சரி, ரத்தத்தில் சில மணி நேரமே தங்கும். அதற்கு முந்தைய 3 நாள் கடல்மீன், இறால், ஙாப்பி (மீன், இறாலை ஊறவைத்த விழுது) வேண்டாம். அவற்றிலுள்ள தீங்கில்லாத ஆர்செனிக் கணக்கைக் கூட்டிக் காட்டிவிடும்.