பச்சை மாங்கொப்பில் செதுக்கின செண்பகப் பறவை ஒரே இரவில் வெடிச்சிட்டுது, என்ன செய்யலாம்?

வெள்ளவத்தைக்காரன்:
போன கிழமை மழைக்காற்றுக்கு எங்கட ஒழுங்கை மாமரத்தில ஒரு கொப்பு முறிஞ்சு விழுந்தது. மணிக்கட்டு மொத்தம். வீட்டுக்காரரிட்டக் கேட்டு ஒரு முழம் எடுத்து வந்து, பச்சையாவே ஆறு அங்குலத்தில ஒரு செண்பகம் செதுக்கினன். மகளுக்கு. மூண்டு பின்னேர வேலை. வால் இறகுக்குக் கோடும் போட்டாச்சு. காயட்டும் எண்டு ஃபானுக்குக் கீழ வச்சிட்டுப் படுத்தன். விடியப் பார்த்தா நெஞ்சில இருந்து அடிவரை வெடிப்பு. வெளியில அகலம், உள்ளுக்குப் போகப்போக ஒடுக்கம். பத்து ரூபாய்க் குற்றியின் விளிம்பு நுழையுது. மரத்தூளில பசை குழைச்சு அடைக்கலாமோ?

உளிப்பெட்டி:
தம்பி, இப்ப அடையாதையும். உள்ளுக்கு இன்னும் ஈரம் கிடக்கு, அடைச்சதைத் தள்ளிக்கொண்டு திரும்பவும் திறக்கும்.

படத்தில பறவையின் அடியைப் பாரும். வளையங்களுக்கு நடுவில பென்சில் கூரளவு மண்ணிறப் புள்ளி. கொப்பை நடுவோட சேர்த்து முழுசாச் செதுக்கியிருக்கிறீர், வினை அங்கதான். மரம் காயேக்க நீளவாக்கில சுருங்கிறது கணக்கில்லை. நடுவில இருந்து வெளிப்பக்கமாக் கொஞ்சம் சுருங்கும். வளையத்தைச் சுற்றி ஏறத்தாழ அதைப்போல ரெண்டு மடங்கு. சுற்று அவ்வளவு இறுக, உள்ள கிடக்கிற மரம் அந்த அளவுக்கு ஒடுங்காது, எங்கயாவது பிளந்துதான் தீரும். அடுத்த முறை கொப்பை நடுவால ரெண்டாப் பிளந்து, அந்த நடுவைச் சீவி எறிஞ்சிட்டு ஒரு பாதியில செதுக்கும். கொஞ்சம் வளையலாம், ஆனா வெடிக்கிறது குறைவு.

ஃபான் அதைக் கெடுத்துப்போட்டுது. மேல்பக்கம் காய்ஞ்சு இறுக, வயிறு ஈரமாவே நிண்டிருக்கும். நாரைக் குறுக்க வெட்டின முகங்கள், உம்மட செண்பகத்துக்குத் தலையும் அடியும், பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமா ஈரத்தை விடும். அதில மெழுகுதிரியை உருக்கிப் பூசும்.

தெஹிவளை அக்கா:
சீவலோட சேர்த்துப் பிளாஸ்டிக் பையில கட்டி வைக்கச் சொல்லி வெளிநாட்டு வீடியோக்களில காட்டுவினம். கொழும்பு மழைக்குள்ள வேண்டாம் தம்பி. என்ர மாமரக் கரண்டி மூண்டாம் நாள் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். கடதாசிப் பையில போட்டு, காத்து அடிக்காத மூலையில வையுங்கோ. ஏசி அறைக்குள்ள வையாதேங்கோ. சமையல் தராசில ஒவ்வொரு நாளும் நிறுத்து எழுதுங்கோ. நாலைஞ்சு நாள் நிறை அசையாம நிண்டால் காய்ஞ்சிட்டுது. மாம்பால் சிலருக்குத் தோலில பொங்கும், கையைக் கழுவுங்கோ.

மழைமரம்:
கொப்பு பொறுக்கிற எல்லாருக்கும் சொல்றன்: அலரியைத் தொடாதேங்கோ, முழு மரமும் நஞ்சு. பலா, ஈரப்பலா, பெண்பனை மூண்டையும் அனுமதியில்லாமத் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டமே தடை. விழுந்த பலாக்கொப்பு கிடைச்சால் கொண்டாடுங்கோ, அந்த மஞ்சள் வேற எதிலயும் வராது. உயிரோட நிக்கிற பலாவில கத்தி வைக்கிறதைப் பார்த்தால் எனக்கு மனம் எரியுது.

வெள்ளவத்தைக்காரன் (மூண்டு கிழமைக்குப் பிறகு):
ஐயா, அக்கா, பெரிய நன்றி. மிச்சக் கொப்பைப் பிளந்து பாதியில ரெண்டாவது செண்பகம் செய்தன். முதல் நாள் 212 கிராம். பத்தொன்பதாம் நாள் 137, பிறகு அசையேல்லை. வால் மட்டும் ஒரு பக்கம் லேசாத் திரும்பியிருக்கு, பறவை திரும்பிப் பாக்கிற மாதிரி. முதலாவதின் வெடிப்பு இன்னும் அகண்டுதான் நிண்டது. காய்ஞ்ச பிறகு அதே மரத்தில மெல்லிய ஆப்புச் சீவி, நார் ஓட்டம் பார்த்து ஒட்டினன். விரலால தடவினால்தான் தெரியுது. கண்ணுக்குக் குண்டுமணி பதிக்கலாமோ?

உளிப்பெட்டி:
குண்டுமணி வேண்டாம். துளைச்சதோ உடைஞ்சதோ பிள்ளையின்ர வாய்க்குள்ள போனால் கொடிய நஞ்சு. மஞ்சாடி விதை தேடும். முழுச் சிவப்பு, செண்பகத்தின் கண்ணும் அதே நிறம்தான்.