12 மீட்டர் மாடியில் 7 மெகாஹெர்ட்ஸ் ஆண்டெனா கட்ட முடியுமா?

நாங்குநேரிக்காரன்:
ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) லைசென்ஸ் வந்துவிட்டது. 40 மீட்டர் பேண்டில், 7.1 மெகாஹெர்ட்ஸில் பேச ஆசை. டைபோலுக்கு (நடுவில் இணைப்புக் கொடுத்து இரண்டு பக்கமும் நீளும் வயர் ஆண்டெனா) 20 மீட்டர் வயர் வேண்டும் என்கிறார்கள். எங்கள் மாடியோ 12 மீட்டர் நீளம்தான். ஒரு சந்தேகம். 1000 கிலோஹெர்ட்ஸ் மீடியம் வேவின் அலைநீளம் 300 மீட்டர். அதை தாத்தாவின் டிரான்சிஸ்டர், உள்ளே இருக்கும் விரல் நீளக் கறுப்புக் குச்சியை வைத்தே பிடித்துவிடுகிறது. அப்படியானால் நான் 2 மீட்டர் குச்சி ஆண்டெனா வைத்தால் என்ன?

அலைநீளம்:
300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு 42 மீட்டர். அதில் பாதி டைபோல், கால்பங்கு செங்குத்துக் குச்சி. எஃப்எம் ரேடியோவில் இழுத்து நீட்டும் கம்பி முக்கால் மீட்டர் அளவில் இருப்பதும் இதே கணக்கில்தான்.

பழைய ஹாம்:
தம்பி, நல்ல கேள்வி. கேட்பது வேறு, அனுப்புவது வேறு. மீடியம் வேவில் இடி மின்னல் இரைச்சலே வானத்தில் நிறைய இருக்கும். ஆண்டெனா சிறிதானால் நிலையமும் இரைச்சலும் சேர்ந்தேதான் குறையும். இரண்டுக்கும் உள்ள விகிதம் அப்படியே இருப்பதால், ரேடியோ உள்ளே பெருக்கிக்கொண்டால் போதும். அந்தக் கறுப்புக் குச்சி ஃபெரைட். அதன்மேல் சுற்றிய காயில் அலையின் காந்தப் பகுதியைப் பிடிக்கிறது.

அனுப்பும்போது அந்தச் சலுகை கிடையாது. 7.1-ல் 2 மீட்டர் குச்சியின் கதிர்வீச்சுத் தடை, அதாவது பவர் அலையாக வெளியேறுவதைக் குறிக்கும் தடை, ஒரு ஓம் கூட வராது. தரையிலும், குட்டைக் குச்சியை அதிர்வெண்ணுக்குப் பொருத்தும் லோடிங் காயிலிலும் அதைவிடப் பல மடங்கு தடை இருக்கும். நீங்கள் கொடுக்கும் பவரில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். ட்யூனர் என்னும் பொருத்தும் பெட்டியை வைத்து, மீட்டரில் எஸ்டபிள்யூஆரை (பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1-க்குக் கொண்டுவந்தாலும் இந்த இழப்பு போகாது. புதிதாக வருகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் ஊர்ப்பக்கமே இதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். 471 மீட்டர், இந்தியாவிலேயே மிக உயரமான கட்டுமானம். அங்கிருந்து நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு 18.2 கிலோஹெர்ட்ஸில் அனுப்புகிறார்கள். அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்தான் கடல்நீருக்குள் சில மீட்டராவது இறங்கும். அதன் அலைநீளம் சுமார் 16.5 கிலோமீட்டர். கால்பங்கு என்றாலே 4 கிலோமீட்டருக்கு மேல்! அந்தக் கணக்கில் 471 மீட்டரும் குட்டை ஆண்டெனாதான். அதனால்தான் உச்சியிலிருந்து குடைபோலக் கம்பிகளை விரித்திருக்கிறார்கள். நான் அந்தச் சாலையில் போனால் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்க்காமல் வந்ததில்லை.

சரி, உங்கள் மாடிக்கு வருவோம். நடுவில் ஒரு பைப் நட்டு, வயரைத் தலைகீழ் ‘வி’ மாதிரி இரண்டு பக்கமும் இறக்குங்கள். மிஞ்சுவதைச் சுவர் ஓரமாக வளைத்துக் கட்டலாம். மின்னோட்டம் அதிகம் பாய்வது நடுவில்தான், கதிர்வீச்சும் பெரும்பாலும் அங்கிருந்துதான். நுனியை மடக்குவதால் பெரிய நஷ்டமில்லை.

நாங்குநேரிக்காரன்:
நன்றி அண்ணா. மாடியில் துணி காயப்போடுவார்கள், பரவாயில்லையா? வயரை எவ்வளவு வெட்டுவது?

பழைய ஹாம்:
நுனியில் மின்னோட்டம் குறைவு, ஆனால் மின்னழுத்தம் மிக அதிகம். அனுப்பும்போது தொட்டால் சுடும். கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். தெருவில் போகும் கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் போகவே கூடாது. பாதி அலைநீளத்துக்கு 150-ஐ வகுக்க வேண்டும்; வயர் சற்றுக் குட்டையாகவே போதும் என்பதால் 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் 20.1 மீட்டர். 21 மீட்டராக வெட்டி, எஸ்டபிள்யூஆர் மீட்டரைப் பார்த்து இரண்டு பக்கமும் சமமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.