மூச்சுப் பயிற்சி செய்தால் தலை சுற்றுகிறது, ஏன்?

கேள்வி: டென்ஷன் குறைய ஆழமாக மூச்சு இழுத்து விடச் சொல்கிறார்கள். 2 நிமிடத்திலேயே தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. எங்கே தப்பு?

பதில் 1: நிறைய இழுப்பதுதான் தப்பு. தேவைக்கு மேல் காற்று போய்வந்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். சுற்றலும் மரப்பும் அதனால்தான். வயிற்றில் கை வைத்து, நெஞ்சைத் தூக்காமல், மூக்கால் 4 எண்ணும்வரை இழுங்கள். 6 எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு, 5 நிமிடம். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கணும், அவ்வளவுதான். பயிற்சியை டென்ஷன் இல்லாத நேரத்தில் பழகுங்கள். மேனேஜர் கத்தும்போது புதிதாக ஆரம்பித்தால் வராது!

கேள்வி கேட்டவர்: 6 வரை தாங்கவில்லையே?

பதில் 1: 3 இழுத்து 4 விடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கூட்டலாம்.

பதில் 2: மூச்சைக் கவனித்தாலே சிலருக்குப் படபடப்பு கூடும். அவர்களுக்குத் தசைப் பயிற்சி மேல். முஷ்டியை 5 விநாடி இறுக்கி, 15 விநாடி தளர விடுங்கள். பிறகு தோள், தாடை, கால். முக்கால் பலம் போதும், முழுசாக இறுக்கினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

பதில் 3: சாயங்காலக் காபியையும் பாருங்க. அதிலுள்ள காஃபீன் படபடப்பைக் கூட்டும்; அது உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். சும்மா இருக்கும்போதும் சுற்றினால் டாக்டரைப் பாருங்கள். மனசு ரொம்பப் பாரமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள், இலவசம்.