சிலிகோன் அச்சு பிசுபிசுக்கிறது, ரெசின் நுரைக்கிறது: எங்கே தப்பு?

ரேடியோபித்தன்:
பழைய ரேடியோ ஒன்றைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன், நான்கு நாப்களில் ஒன்று காணவில்லை. மீதியை அளந்து, திரவ ரெசினில் வேலை செய்யும் 3டி பிரிண்டரில் ஒன்று எடுத்து, அதை வைத்துப் பிளாட்டினம் வகை சிலிகோனில் அச்சு வார்த்தேன். (பிரிண்டையே மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்காதீர்கள், கோடு கோடாகத் தெரிகிறது, நிறமும் சேரவில்லை.) ஒரு நாள் முழுக்க விட்டேன். வெளிப்பக்கம் நன்றாக இறுகிவிட்டது, ஆனால் நாப் இருந்த உள்பக்கம் மட்டும் பசை மாதிரி கையோடு வருகிறது. சிலிகோனின் இரண்டு பாகங்களையும் 1:1 என்று தராசில் நிறுத்துத்தான் கலந்தேன். பரவாயில்லை என்று பாலியூரிதேன் ரெசினை ஊற்றிப் பார்த்தால் அதில் உள்ளே முழுக்கப் பொடிக் குமிழி. சிலிகோனே மட்டமானதா?

அச்சுப்பட்டறை:
சிலிகோன் மேல் பழி போடாதீர்கள். வெளிப்பக்கம் இறுகியிருக்கிறது என்றால் கலவை சரி. பிரிண்டைத் தொட்ட இடம் மட்டும் இறுகவில்லை என்றால் குற்றவாளி பிரிண்ட்தான். அதில் மிச்சமிருக்கும் முழுதாக வேகாத ரெசின், பிளாட்டினம் சிலிகோனை இறுக விடாது. கந்தகம் கலந்த களிமண், லேட்டக்ஸ் கையுறை, டின் வகை சிலிகோன் பட்ட பாத்திரம் எல்லாமே இதே வேலையைச் செய்யும். நான் ஒருமுறை லேட்டக்ஸ் கையுறையோடு மாஸ்டரை (அச்சு எடுக்க வைக்கும் மூலப் பொருளை) தடவிவிட்டு, விரல் பட்ட இடமெல்லாம் கொழகொழவென்று நின்ற அச்சைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். நைட்ரைல் கையுறை போடுங்கள். பிசுபிசுத்த அச்சைச் சூடு காட்டியெல்லாம் காப்பாற்ற முடியாது, விட்டுவிடுங்கள்.

பிரிண்டை நன்றாகக் கழுவி, யூவி வெளிச்சத்தில் கூடுதல் நேரம் வைத்து, மேலே அக்ரிலிக் ஸ்பிரே அடித்துப் பார்க்கலாம். அப்போதும் ஒரு ஓரத்தில் துளி சிலிகோன் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் முழுதாக ஊற்ற வேண்டும். டின் வகைக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை, ஆனால் கொஞ்சம் சுருங்கும், அச்சும் நீண்ட நாள் உழைக்காது. அது சரி, நல்ல நாப் மூன்று கையில் இருக்கும்போது அதிலேயே அச்சு எடுத்தால் என்ன? சிலிகோன் சாதாரண பிளாஸ்டிக்கோடு ஒட்டாது.

ஈரக்காற்று:
நுரைக்குக் காரணம் வேறு. பாலியூரிதேன் ரெசினின் இரண்டு பாகங்களில் ஒன்றில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, அது தண்ணீரைக் கண்டால் கார்பன் டை ஆக்சைடை விடும். டப்பாவைத் திறந்து எத்தனை நாள் ஆயிற்று? காகிதக் கோப்பை, மரக்குச்சி இதிலெல்லாம் கலக்கினீர்களா? இரண்டிலும் ஈரம் ஒளிந்திருக்கும். அச்சே இல்லாமல் காய்ந்த பிளாஸ்டிக் கோப்பையில் ஒரு கரண்டி கலந்து வையுங்கள். அங்கேயும் பொங்கினால் டப்பா போயிற்று. பொங்காமல் அச்சில் மட்டும் மேல் மூலைகளில் குமிழி நின்றால் அது வெறும் காற்று, வெளியேற ஒரு துளை விட்டால் தீரும்.

ஜன்னலைத் திறந்துவைத்து வேலை பாருங்கள். ஐசோசயனேட் ஆவி ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு துளி அளவுக்கே மூச்சு இழுக்கும்.

ரேடியோபித்தன்:
கரண்டி சோதனை செய்தேன். கோப்பை விளிம்பு வரை பொங்கி ஸ்பாஞ்ச் ஆகிவிட்டது. டப்பா திறந்து இரண்டு மாதம், மூடியும் சரியாக மூடவில்லை, என் தப்பு. பலர் அழுத்தப் பாத்திரத்தில் வைத்து வார்க்கிறார்களே, பிரஷர் குக்கர் போதுமா?

அச்சுப்பட்டறை:
வேண்டவே வேண்டாம். ரெசினுக்கு 40 முதல் 60 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வரை கொடுப்பார்கள். குக்கர் சுமார் 15க்குச் செய்தது, வெடித்தால் மூடி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, அழுத்தத்தில் வார்ப்பதாக இருந்தால் சிலிகோன் அச்சையும் அதே அழுத்தத்தில்தான் இறுக வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சுச் சுவருக்குள் இருக்கும் காற்றுக் குமிழி அமுங்கி, அந்த இடத்தில் உங்கள் நாப்பில் பரு கிளம்பும். ஒரு நாப்புக்கு இதெல்லாம் எதற்கு? உயரத்திலிருந்து நூல் போல மெல்லிய தாரையாக ஒரே மூலையில் ஊற்றுங்கள், அதற்கு முன் அச்சில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவித் தட்டிவிடுங்கள்.

ரேடியோபித்தன்:
புது டப்பா வாங்கி, ஒரிஜினல் நாப்பிலேயே அச்சு எடுத்து வார்த்தாயிற்று. நாப்பின் முகப்பு அசலைப் போலவே வந்துவிட்டது, பக்கவாட்டுப் பள்ளங்கள் உட்பட. ஆனால் ரேடியோவின் தண்டு நுழையும் டி வடிவத் துளை சாய்ந்துவிட்டது, மாட்டினால் நாப் தள்ளாடுகிறது.

தகரப்பெட்டி:
துளைக்காக அச்சுக்குள் நிற்கும் சிலிகோன் குச்சி மெல்லியதாக இருக்கும், ரெசின் ஊற்றும்போது சாய்ந்துவிடும். அந்தக் குச்சியை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் பித்தளைக் கம்பியை ஒரு பக்கம் அரத்தால் தட்டையாக ராவி அங்கே நடுங்கள். மெழுகு தடவ மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கம்பி நாப்போடு சேர்ந்தே வரும்.