நாடி பார்க்கும் கருவி, கையில் கட்டியிருக்கும்போதே ‘கழற்றியாச்சு’ என்கிறது. என்ன செய்யலாம்?

சாட்ஸ்வர்த்வாசி:
வணக்கம். டர்பனிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு நாடி அவ்வப்போது தாறுமாறாக ஓடும். அதனால் மணிக்கட்டில் கட்டும் சிறு கருவி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். பச்சை எல்.இ.டி. இரண்டு, அகச்சிவப்பு ஒன்று, நடுவில் ஒளி சென்சார். திரும்பி வரும் அகச்சிவப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் ‘கையில் இருக்கிறது’ என்று வைத்திருக்கிறேன். என் கையில் சரியாக ஓடுகிறது. அம்மா தூங்கும்போது ‘கழற்றியாச்சு’ என்கிறது. மடித்த துண்டின் மேல் வைத்தாலோ நாடி 72 காட்டுகிறது! எல்லையைக் குறைத்தால் போதுமா? இல்லை, தோல் தொடுவதை மின்புலத்தால் உணரும் கெப்பாசிட்டிவ் சென்சார் சேர்க்கவா?

பீனிக்ஸ் நர்ஸ்:
அம்மா வளையல் போடுகிறவரா? அப்படியானால் அது பட்டையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வளையல் இல்லாத கையில், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே கட்டுங்கள். கை குளிர்ந்தாலும் தோலில் ரத்த ஓட்டம் குறையும். இது இருக்கட்டும், ஈ.சி.ஜி. எடுப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள் தம்பி.

லெனேசியா பட்டறை:
எல்லையைக் குறைக்காதீர்கள் தம்பி. குறைத்தால் துண்டும் மேசையும் இன்னும் சுலபமாகக் கை ஆகிவிடும். ஒளி திரும்புகிறது என்றால் எதிரே ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான்.

எல்.இ.டி.யை அணைத்து ஓர் அளவு, எரியவிட்டு ஓர் அளவு எடுத்துக் கழியுங்கள். அறை விளக்கும் வெயிலும் அதில் போய்விடும். அணைந்திருக்கும்போதே வெளிச்சம் நிறைய வந்தால் பட்டை தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்புறம், திரும்பி வரும் ஒளியில் நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் பங்கைப் பாருங்கள். மணிக்கட்டில் அது சில சமயம் 1 சதவீதத்தைக்கூட எட்டாது. ஆனால் உண்மையான நாடி என்றால் பச்சையிலும் அகச்சிவப்பிலும் ஒரே வேகத்தில் தெரியும். துண்டின் மேல் வரும் இரைச்சல் அப்படி ஒத்துப்போகாது.

உங்கள் கையில் எடுத்த எண்ணை அம்மாவுக்கு எல்லையாக வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் பச்சை ஒளியை அதிகம் உறிஞ்சும். வயது, முடி, பச்சை குத்தியது எல்லாமே அளவை மாற்றும். 2020இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஒளியால் ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர்கள் கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டிருந்தன. இத்தனை நிறத்தவர் வாழும் நம் தென்னாப்பிரிக்காவில் கருவி செய்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது. கட்டிய முதல் நிமிடத்தில் அந்தந்தக் கையையே அளந்து, அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள்.

கெப்பாசிட்டிவ் சேர்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. டர்பன் புழுக்கத்தில் வியர்வைப் படலமே தோலாகத் தெரியும். இங்கே ஜொகன்னஸ்பர்க்கில் வேறு தொல்லை: குளிர்காலத்தில் காற்று காய்ந்து தோல் வெடிக்கும், தோலைத் தொடும் உலர் மின்முனைக்கு (ஜெல் இல்லாத உலோகத் தகடு) தொடர்பு கிடைப்பதே கஷ்டம்.

எல்.இ.டி.க்கும் சென்சாருக்கும் நடுவே கறுப்புத் தடுப்பு, சுற்றிலும் கறுப்பு ஸ்பாஞ்ச், அடிப்பக்கம் லேசாகப் புடைப்பு, இழுபடும் ஸ்ட்ராப். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். இறுக்கிக் கட்டாதீர்கள், ரத்தக் குழாய் அமுங்கினால் துடிப்பும் மங்கும்.

சாட்ஸ்வர்த்வாசி:
நன்றி அண்ணா. இந்தச் சோதனைகளில் ஒன்று ‘கையில் இருக்கிறது’ என்கிறது, இன்னொன்று ‘இல்லை’ என்கிறது என்று வையுங்கள். அப்போது திரையில் என்ன காட்ட?

லெனேசியா பட்டறை:
நாடி எண்ணைக் காட்டவே காட்டாதீர்கள். ‘பட்டையைச் சரிசெய்யவும்’ என்று போடுங்கள். சில நொடி பொறுத்த பிறகே ‘கழற்றியாச்சு’ என்று முடிவு செய்யட்டும். தூக்கத்தில் புரண்டாலும் ஒரு கணம் ஒளி கசியும். திரும்பக் கட்டியதும் துடிப்பு நிலைக்கும்வரை எதையும் பதிய வேண்டாம். அந்த இடைவெளியைத் தனியாகக் குறித்து வையுங்கள், டாக்டர் பதிவைப் பார்க்கும்போது அதை நாடி நின்றதாக நினைத்துவிடக் கூடாது.