இலவச மென்பொருளில் ஓடும் கம்பெனி அதற்குக் காசு கொடுக்க வேண்டுமா?

தராசுத் தம்பி (சுங்கை சிப்புட்):
செம்பனை ஆலைகளுக்கு எடைமேடை மென்பொருள் செய்து கொடுக்கும் சின்ன கம்பெனி எங்களுடையது. குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறி நின்றதும் எடை கணினிக்கு வரும். இறக்கிவிட்டு வெறும் லோரியாகத் திரும்பும்போது இன்னொரு எடை. கழித்துப் போட்டுச் சீட்டு அச்சாகும். இதில் நாங்கள் எழுதியது மேலே கொஞ்சம்தான். அடியில் இருப்பதெல்லாம் இலவசமாகக் கிடைப்பவை: லினக்ஸ் இயங்குதளம், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், பைத்தான் நிரல்மொழி. ராத்திரியில் ஏதாவது நின்றுபோனால் வீட்டிலிருந்தே ஓப்பன்எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு மென்பொருள் வழியாக ஆலைக் கணினிக்குள் போய்ச் சரி செய்வேன். எதற்கும் ஒரு காசு கொடுத்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்கலாம் என்றால், "சும்மா கொடுத்ததுக்கு யாராவது காசு கட்டுவாங்களா?" என்கிறார் பங்குதாரர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கிராணி மகன்:
நான் உங்கள் பங்குதாரர் பக்கம். உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது? எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விற்றுக்கொள், கெட்டுப்போனால் எங்களிடம் வராதே. அவ்வளவுதான். கேட்காத கடனை நாம் ஏன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்? ஊழியர்களுக்கு இபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி கட்டி முடிப்பதற்குள்ளேயே மாசம் போய்விடுகிறது. கொடுப்பதென்றால் கூகுளும் அமேசானும் கொடுக்கட்டும். கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் பெரும்பகுதியை எழுதுவது இன்டெல், ரெட் ஹாட், கூகுள் மாதிரி கம்பெனிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள்தான்.

பால்மரத்துப் பேத்தி:
கெர்னலைக் காட்டித் தப்பிக்காதீர்கள் அண்ணே, அது எல்லார் கண்ணிலும் படுவது. கண்ணில் படாததைப் பாருங்கள். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியானபோது, பாதி உலகத்தின் வங்கி, மின்னஞ்சல் எல்லாம் தகவலை மறையாக்கும் அந்த இலவச மென்பொருளை நம்பி இருந்தன. அதற்கு முன் அந்தத் திட்டத்துக்கு வருஷத்தில் வந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர். முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒருவர். மானம் போன பிறகுதான் பெரிய கம்பெனிகள் லினக்ஸ் அறக்கட்டளை மூலம் பணம் திரட்டின.

அப்புறம் 2024 மார்ச். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் சின்ன நிரல் நூலகம். அதைப் பராமரித்தவர் ஒருவர், சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலையாக. களைத்துப்போன அந்த மனிதருக்கு உதவுகிறேன் என்று வந்தவன், இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக நடந்து, பொறுப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, திருட்டுத்தனமாக நுழைய அதில் ஒரு பின்கதவு வைத்தான். எதைக் குறிவைத்து? தம்பி ராத்திரியில் ஆலைக்குள் நுழைகிறாரே, அதே எஸ்எஸ்எச் சேவையை.

கிராணி மகன்:
நீங்கள் சொன்ன கதையே எனக்குச் சாதகம். களைத்துப்போன ஆளுக்கு 500 ரிங்கிட் அனுப்பினால் களைப்பு போய்விடுமா? அவருக்குத் தேவைப்பட்டது இன்னொரு நல்ல ஆள். பின்கதவைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் மைக்ரோசாஃப்ட் ஊழியர், போஸ்ட்கிரெஸ் நிரலர். உள்நுழைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார். அந்த வேலையைச் செய்தது நன்கொடை உண்டியல் இல்லை.

பால்மரத்துப் பேத்தி:
சம்பளம் வாங்குகிற ஒருவருக்கு அரை வினாடியைத் துரத்த நேரம் இருந்தது. நானும் அதைத்தான் சொல்கிறேன். எக்ஸ்இசட்காரருக்கு அந்த நேரத்தை யார் கொடுத்தார்கள்?

பழைய கண்டக்டர்:
கணினி எனக்குத் தெரியாது, தோட்டம் தெரியும். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் வந்தது. அது நடந்தது ரப்பருக்கு விதித்த செஸ் என்ற கட்டாயத் தீர்வைப் பணத்தில். அங்கே உருவான ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரகக் கன்றைப் பெரிய தோட்டமும் நட்டது, நாலு ஏக்கர் வைத்திருந்தவனும் நட்டான், தாய்லாந்துக்காரனும் நட்டான். இஷ்டப்பட்டவர் கொடுங்கள் என்று விட்டிருந்தால் எந்த துரை கொடுத்திருப்பான்? செம்பனைக்கும் அப்படித்தான், டன் கணக்கில் பிடித்துக்கொள்கிறார்கள். கட்டாயம் இல்லாமல் இது நடக்காது தம்பி.

கிராணி மகன்:
ஐயா, நல்ல வாதம். ஆனால் ரப்பர் நம் துறைமுகம் வழியாகத்தான் போயாக வேண்டும், வாசலில் நின்று பிடித்தார்கள். இறக்குமதி செய்கிற நிரலுக்கு வாசல் எங்கே?

பால்மரத்துப் பேத்தி:
ஜெர்மனி 2022-இல் அரசுப் பணத்திலேயே இப்படிப்பட்ட மென்பொருளுக்கு ஒரு நிதி தொடங்கியது. பெங்களூருவின் ஸெரோதா என்ற பங்குத் தரகு நிறுவனம் 2024-இல் வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் என்று அறிவித்தது. வாசல் இல்லாமலும் கொடுக்கிறார்கள்.

தராசுத் தம்பி (சுங்கை சிப்புட்):
அக்கா, அவர்கள் அளவு வேறு. 2024-இல் வந்த ஓப்பன் சோர்ஸ் பிளெட்ஜ் என்ற, கம்பெனிகள் தாமாகக் கொடுக்கும் உறுதிமொழித் திட்டத்தில் சேர நிரலர் ஒருவருக்கு வருஷம் 2,000 டாலர் கொடுக்க வேண்டும். எங்களிடம் மூன்று நிரலர்கள், ஆக 6,000 டாலர். ஆலைக்காரர் பராமரிப்புப் பணத்தையே மூன்று மாசம் இழுத்தடிக்கும்போது இந்தத் தொகையைப் பங்குதாரரிடம் வாயெடுத்துச் சொல்லவே முடியாது.

கணக்கு மேசை (ஈப்போ):
குறுக்கே ஒரு வார்த்தை. தொகையை விடுங்கள், நன்கொடை என்று கணக்கில் எழுதினீர்களானால் வரிக்கழிவு கிடைக்காது. அங்கீகரித்த அமைப்புகளுக்குக் கொடுத்தால்தான் கழிவு. போஸ்ட்கிரெஸுக்கு ஆதரவு விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்றிடம் ஒப்பந்தம் போட்டு பில் வாங்கினால் அது தொழில் செலவு. பங்குதாரரிடம் பேசுவதற்கும் அதுதான் சுலபம்.

கிராணி மகன்:
பில் வந்தால் நானும் கட்டுவேன். யாரிடம் என்ன வாங்கினேன் என்று தெரியும்.

பால்மரத்துப் பேத்தி:
பில் அடிக்க ஆபீஸ் இருக்கிற திட்டம் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். எக்ஸ்இசட்டுக்கு யார் பில் அடிப்பார்கள்? நான் எழுதிப் போட்ட ஒரு சின்ன தமிழ் எழுத்துரு மாற்றிக்குக்கூட "எப்போது சரி செய்வீர்கள், எங்கள் வாடிக்கையாளர் காத்திருக்கிறார்" என்று கம்பெனி முகவரியிலிருந்து கடிதம் வருகிறது. வாடிக்கையாளர் அவர்களுக்கு, வேலை எனக்கு.

தராசுத் தம்பி (சுங்கை சிப்புட்):
சரி, இரண்டையும் பங்குதாரரிடம் வைக்கிறேன். போஸ்ட்கிரெஸ் ஆதரவுக்கு பில். ஓப்பன்எஸ்எஸ்எச்சுக்காக, அதற்கு நிதி கொடுக்கும் ஓப்பன்பிஎஸ்டி அறக்கட்டளைக்கு ஒரு சின்ன தொகை, அது நன்கொடைதான்.

கிராணி மகன்:
இரண்டாவதற்கு வரிக்கழிவு கிடையாது, படித்தீர்கள் இல்லையா?

தராசுத் தம்பி (சுங்கை சிப்புட்):
படித்தேன் அண்ணே. அதை என் பங்கு லாபத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லப் போகிறேன்.