அவசரம்: சுவிஸ் பாஸ் இருந்தும் யுங்ஃப்ராவ்யோக்குக்கு பணம் கேக்குது, ஏன்?

பயணி_77
சுவிட்சர்லாந்து ரயில், பஸ், படகுல போற பாஸ் வாங்கியாச்சு. நாளன்னைக்கு மலை மேல இருக்கிற யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையத்துக்குப் போறோம். ஆப்ல டிக்கெட் போட்டா ஒவ்வொருத்தருக்கும் பெரிய தொகை காட்டுது. பாஸ்னா எல்லாம் இலவசம்னுதானே சொன்னாங்க? ஏமாந்துட்டோமா? சீக்கிரம் சொல்லுங்க.

தண்டவாளம்
எந்த பாஸ்? சுவிஸ் டிராவல் பாஸா, நாள்களை நாமே தேர்ந்தெடுக்கும் ஃப்ளெக்ஸா, பாதி விலையில் டிக்கெட் எடுக்கும் ஹாஃப் ஃபேர் கார்டா? எந்த ஊரிலிருந்து கிளம்புறீங்க? குழந்தைகள் உண்டா, வயது என்ன? இது தெரியாமல் சரியான பதில் சொல்ல முடியாது.

குறிஞ்சி
ஆப் கோளாறாகத்தான் இருக்கும். அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

மலைச்சாரல்
கோளாறு எதுவும் இல்லை. இந்தக் கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது! பாஸ் எங்கெல்லாம் செல்லும் என்று காட்டும் வரைபடம் இருக்கிறது, வாங்குமுன் அதைப் பார்க்க வேண்டும். முழுக்கோடு போட்ட பாதையில் பாஸ் மட்டும் போதும். புள்ளிக்கோட்டில் தள்ளுபடி மட்டும்தான். யுங்ஃப்ராவ்யோக் புள்ளிக்கோட்டில் இருக்கிறது.

பயணி_77
டிராவல் பாஸ், 4 நாள். சூரிச்ல இருந்து. 2 பசங்க.

தண்டவாளம்
வயது இன்னும் சொல்லவில்லை. 6 வயதுக்குள் என்றால் டிக்கெட்டே வேண்டாம். 6 முதல் 15 வரை என்றால், பெற்றோருடன் வரும் பசங்களுக்கான ஃபேமிலி கார்டு வாங்கினீர்களா? பெற்றோரின் பாஸோடு சேர்த்துக் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். மலை ரயில் கவுன்டரில் அதை முதலிலேயே காட்டிவிட்டு, பசங்களுக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

உங்கள் கணக்கு இப்படி. சூரிச்சிலிருந்து இன்டர்லாக்கன் ஓஸ்ட் வழியாக கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் என்ற மலையூர் வரை பாஸ் செல்லும், ஒரு காசு வேண்டாம். அதற்கு மேலே மலை உச்சி வரை 25 சதவீதம் தள்ளுபடி. நீங்கள் ஆப்பில் சூரிச் முதல் உச்சி வரை முழு வழியையும் போட்டிருப்பீர்கள், அதனால்தான் தொகை பெரிதாகத் தெரிகிறது. மலை ரயில் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் 'கிரிண்டல்வால்ட் டெர்மினல் – யுங்ஃப்ராவ்யோக் – கிரிண்டல்வால்ட் டெர்மினல்' என்று மட்டும் எடுத்து, சலுகை இடத்தில் டிராவல் பாஸைத் தேர்ந்தெடுங்கள். இன்டர்லாக்கன் ஓஸ்ட் கவுன்டரிலும் வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை: விலை குறைகிறதே என்று சலுகையில் 'ஹாஃப் ஃபேர்' தட்டிவிடாதீர்கள். அந்த அட்டை கையில் இல்லாவிட்டால் பரிசோதகர் அந்த டிக்கெட்டை ஒப்புக்கொள்ள மாட்டார்.

வெண்பனி
அதனால்தான் ஹாஃப் ஃபேர் கார்டே மேல். உச்சி வரை பாதி விலை. யுங்ஃப்ராவ்யோக் போகிற யாரும் டிராவல் பாஸ் வாங்கவே கூடாது.

மலைச்சாரல்
தவறு. ஒரே மலை, ஓரிரண்டு ரயில் என்றால் கார்டு சரி. தினமும் ஊர் மாறுகிறவருக்கு, படகும் அருங்காட்சியகமும் சேரும்போது பாஸ்தான் மிச்சம்.

வெண்பனி
நான்கு நாளில் தினமும் ஊர் மாறினால் குழந்தைகள் என்ன பார்ப்பார்கள்? ஒரே ஊரில் தங்குகிறவர்களுக்கு என் கணக்குதான் பொருந்தும்.

குறிஞ்சி
அவர் பாஸ் வாங்கி முடித்துவிட்டார். இந்தச் சண்டையால் அவருக்கு என்ன பயன்? கோடை என்றால் உச்சி ரயிலில் இருக்கை முன்பதிவைப் பாருங்கள், அந்தக் கட்டணமும் பாஸில் சேராது.

தண்டவாளம்
வழியில் தவறுகிற இடங்கள் இரண்டு. முதலாவது, இன்டர்லாக்கன் ஓஸ்ட்டில் நிற்கும் ரயில் ஸ்வைல்யூட்சினனில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி கிரிண்டல்வால்டுக்கு, மறு பாதி லாட்டர்புருன்னனுக்கு. பெட்டியின் பலகையில் ஊர் பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள், குடும்பம் மொத்தமும் ஒரே பாதியில் உட்காருங்கள். இரண்டாவது, கிரிண்டல்வால்ட் ஊர் நிலையத்துக்கு முந்தின நிறுத்தம்தான் 'டெர்மினல்', அங்கேயே இறங்க வேண்டும். ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் அங்கிருந்து 15 நிமிடத்தில் ஐகர்கிளட்சர் நிலையம் போகும். பிறகு சுரங்கத்துக்குள் உச்சி வரை பல்சக்கர ரயில், அதாவது தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்களைப் பிடித்து ஏறும் ரயில்.

உச்சி நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பசங்களை ஓட விடாதீர்கள், மெதுவாக நடந்து தண்ணீர் குடிக்கட்டும். டிக்கெட் எடுக்குமுன் காலையில் உச்சியின் நேரலைக் கேமராவைப் பாருங்கள். மேகம் மூடியிருந்தால் வெள்ளைச் சுவரைப் பார்க்கத்தான் பணம் கொடுப்பீர்கள்.

குறிஞ்சி
மேகமாக இருந்தால் ரிகி மலைக்குப் போகலாம். லூசெர்னிலிருந்து விட்ஸ்னாவுக்குப் படகு, அங்கிருந்து 1871-இல் தொடங்கிய பல்சக்கர ரயில். படகும் ரயிலும் உங்கள் பாஸிலேயே சேரும்.

மலைச்சாரல்
ரிகியின் உச்சி 1,798 மீட்டர்தான். தாழ மேகம் அதையும் மூடும். லூசெர்ன் கேமராவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்டவாளம்
உங்கள் பாஸ் ஃப்ளெக்ஸ் இல்லை என்றால் 4 நாளும் தொடர் நாள்கள். கடைசி நாளின் செல்லுபடி மறுநாள் அதிகாலை 5 மணி வரை. பாஸ் ஆளின் பெயருக்கு, ஆகவே பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். வயதைச் சொல்லுங்கள்.

பயணி_77
5, 9. கேமரா பாத்தோம், ஒரே வெள்ளை. ரிகி போய்ட்டோம். பரிசோதகர் பாஸ்போர்ட் கேட்டார். நன்றி.